பாதிச் சவரத்தில் நகர்ந்த வரிசை

சென்னையைப் பார்க்கப் போகிறேன் என்று நாலாம் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் நான் அப்பாவின் வண்டியில் ஏறினேன். அப்பா கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினார். கரூரில் போர்வைகளை ஏற்றி, சென்னைத் துறைமுகத்தில் கொண்டுபோய் விடுவது வேலை. அந்தக் கோடை விடுமுறையில் அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார். பெட்டியை இறக்கியதும் அரை நாள் ஊர் சுற்றிக் காட்டுவதாகப் பேச்சு. கடலில் கால் நனைக்காமல் திரும்புவதில்லை என்று நானும் சபதம் செய்திருந்தேன்.

நான் கண்ட சென்னையோ திருவொற்றியூரில் ஆரம்பித்து, எங்களுக்கு முன்னால் நின்ற கண்டெய்னரின் நீலக் கதவில் முடிந்துவிட்டது. துறைமுக வாசலுக்குப் போகும் வண்டிகள் எண்ணூர் சாலையில் வரிசையாக நின்றன. காலையிலிருந்து ஒரு சாண் நகரவில்லை. இடப்பக்கம் கடல் இருக்கிறது என்றாள் அம்மா. எனக்குத் தெரிந்தது, அங்கே நிறுத்தி வைத்திருந்த காலி லாரிகளின் முதுகுதான். உப்பும் மீனும் டீசலும் கலந்த வாசம் மட்டும் எனக்குக் கிடைத்தது.

வரிசையில் இடத்தை விட்டால் எண்ணூரில் போய் வாலைப் பிடிக்க வேண்டும். அன்று மாலைக்குள் வாசலைத் தாண்டாவிட்டால் கப்பல் எங்கள் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விடும். போன மாதம் அப்படிக் கப்பலைத் தவறவிட்ட ஒரு டிரைவருக்கு முதலாளி மறுபடி வண்டியே கொடுக்கவில்லை. இதையெல்லாம் சொன்ன அப்பா, மதியம்வரை அசைவில்லை என்று கண்டதும், மூன்று நாள் தாடியைச் சொறிந்துகொண்டு எதிர்ச் சந்திலிருந்த சலூனுக்குப் போனார்.

அவர் போய்ச் சேர்ந்திருப்பார். நீலக் கதவு நகர்ந்தது.

டிரைவர்களுக்குச் சோறும் மீன் குழம்பும் விற்றுக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி எங்கள் சன்னலைத் தட்டினாள். பக்கத்து மீனவர் குப்பத்துக்காரி. "இன்னாம்மா, வரிசை போய்க்கினு கீது. உன் வூட்டுக்காரர் எங்க பூட்டாரு?"

"சவரம் பண்ணப் போயிருக்காருங்க."

"நல்ல நேரம் பாத்தாரு போ," என்று சலூனுக்கு ஆள் அனுப்பினாள்.

பின்னால் ஹாரன்கள் எழுந்தன. எங்களுக்கு முன்னால் இடைவெளி வளர்ந்துகொண்டே போனது. வலப்பக்கத்திலிருந்து ஒரு ட்ரெய்லர் அதில் மூக்கை நுழைக்கத் திரும்பியது. அம்மா சந்தைப் பார்த்தாள்; இடைவெளியைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவின் இருக்கைக்கு மாறினாள். முதுகுக்கு ஒரு தலையணையை வைத்துக்கொண்டாள்.

"கண்ணு, கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோ," என்றாள்.

வண்டி உறுமியது. காற்று பிரேக் புஸ்ஸென்று மூச்சுவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். நுழைய வந்த ட்ரெய்லர் நிற்கவில்லை, அம்மாவும் நிற்கவில்லை. ஹாரனை ஓர் அழுத்து அழுத்தி, எடுக்கவேயில்லை. நடுவில் மீன்கார அக்கா கரண்டியோடு போய் அந்த ட்ரெய்லருக்கு முன்னால் நின்றாள்.

"யோவ், இன்னா பூந்துகினு வர்ற? ஒரு பொம்பள வண்டி ஓட்டிகினு போறது கண்ணுக்குத் தெர்ல?"

அந்த டிரைவர் தலையை வெளியே நீட்டி அம்மாவைப் பார்த்தார். பார்த்தபடியே பிரேக்கை மிதித்தார்.

அப்போதுதான் அப்பா ஓடிவந்தார். ஒரு கன்னம் வழவழவென்று இருந்தது; மறு கன்னத்தில் நுரை. கழுத்தில் சலூன் துண்டு பறந்தது. டிரைவர் பக்கக் கதவோடு கூடவே ஓடினார். அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்தப் பக்கமா வந்து ஏறுங்க," என்றாள். அப்பா வண்டியின் முன்னால் தாவி, இந்தப் பக்கம் வந்து, என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"முன்னால பள்ளம் இருக்குது, பாத்து."

"தெரியுதுங்க."

அப்பா துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். காலி லாரிகள் முடிந்தன. கருங்கற்களுக்கு அப்பால், சன்னல் முழுக்க, கடல். நான் நினைத்திருந்ததைவிட உயரமாக, வானத்தில் பாதிவரை ஏறி நின்றது. எங்களோடு சேர்ந்து அதுவும் ஓடிவந்தது. கால் நனைக்கும் சபதம் எனக்கு மறந்தே போனது. அம்மாவின் கை ஸ்டியரிங்கில் இருக்க, கடலின் பக்கம் நானிருக்க, அந்த ஊரே எங்களுக்கு வழிவிட்டதாக நினைத்தேன்.

காசிமேட்டருகே வரிசை மறுபடி நின்றது. பின்வண்டிக்காரர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் டீ வாங்கி வந்து, அப்பா நீட்டிய கையைத் தாண்டி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா டிரைவர் இருக்கையிலேயே இருந்து, அவசரமில்லாமல் குடித்தாள். பொழுது சாயும் முன் அப்பா இடம் மாறி, வாசலுக்குள் வண்டியை விட்டார். கப்பல் எங்கள் போர்வைகளை எடுத்துக்கொண்டது.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தாத்தாவிடம் ஓடிப்போய், அம்மா ட்ரெய்லர் ஓட்டியதைச் சொன்னேன். தாத்தா அப்பாவைப் பார்த்தார்.

"தூக்கத்துல கனாக் கண்டிருப்பா," என்றார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "வழியெல்லாம் தூங்கிட்டேதான வந்தா," என்றாள் அம்மா, அரிசியில் கல் பொறுக்கியபடி. நான் அழுது புரண்டேன். இரண்டு பேரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

கல்யாணமான புதிதில் அப்பா அம்மாவுக்கு ஆலை மைதானத்தில் வண்டி பழக்கியதும், தாத்தா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, மருமகள் இனி வண்டிப் பக்கமே போகக்கூடாது என்று சொன்னதும் அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த விடுமுறையிலும் மூவரும் கிளம்பினோம். சுங்கச்சாவடி தாண்டியதும் அப்பா வண்டியை ஓரங்கட்டி, வலப்பக்கம் இறங்கி, சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார். எதற்கு இப்படிச் சுற்றுகிறார் என்றுதான் நான் நினைத்தேன், அம்மா செருப்பைக் கழற்றும்வரை.