செத்த மாவில் வார்த்த மாதா

ராயபுரத்தில் சிலை வார்க்கும் கொட்டகையில் எட்டு மாதம் இருந்தேன். நான் ஓரிடத்தில் அவ்வளவு நாள் தங்கியது அதுதான் முதல் தடவை. துறைமுகத்தில் மூட்டை, எண்ணூரில் ஐஸ் உடைக்கும் வேலை, எல்லாமே பாதியில் விட்டவை. வீட்டையும் இரண்டு முறை விட்டிருக்கிறேன்.

பிளாஸ்டர் மாவைக் கரைத்தால் உடனே அச்சில் ஊற்றிவிட வேண்டும். ஒருநாள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வாளியில் இறுகத் தொடங்கிவிட்டது. கீழே கொட்டியிருக்க வேண்டும். நான் இன்னும் தண்ணீர் விட்டுக் கிளறி மாதா அச்சில் ஊற்றினேன். அதைச் செத்த மாவு என்போம். சிலை மூக்கும் முழியுமாக வரும், உறுதி மட்டும் வராது. நகம் பட்டால் உதிரும். விற்க முடியாத அந்த மாதாவுக்கு நீலம் பூசி, திருவொற்றியூரில் மனைவியிடம் எடுத்துப் போனேன். விட்டுப் போனவன் வெறுங்கையோடு வாசலில் நிற்கப் பயமாக இருந்தது.

டிவிக்கு மேலே பலகையில் அதை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நீயே செஞ்சியா?"

"ஆமா மே."

"அப்ப அது தலைல கை வெச்சு சொல்லு, இனிமே போவ மாட்டேன்னு. இந்த வாட்டி போனா திரும்பி வராத. கதவத் தொறக்க மாட்டேன்."

கையை வைத்தேன். பாரம் எதையும் வைக்கவில்லை.

"இன்னாய்யா, கோழி முட்டய தொட்ற மாறி தொட்ற? அழுத்தி வை."

அந்த நேரம் பார்த்துக் கண்டெய்னர் லாரி ஒன்று போனது. எங்கள் தெருவில் லாரி போனால் பாத்திரமெல்லாம் ஆடும். என் விரலுக்குக் கீழே சிலையும் ஆடியது. சத்தியம் செய்யும்போதே தலை கையோடு வந்துவிட்டால் அந்த வீட்டில் எனக்கு இடமில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அழுத்தினேன். பெயிண்டுக்கு அடியில் ஏதோ மெல்ல அமுங்கியது.

"போவ மாட்டேன்" என்றேன்.

மூன்று வருடமாகப் போகவில்லை. நான் இல்லாதபோது அது விழுந்துவிடுமோ என்று வெளியூர் வேலைக்குக்கூடப் போவதில்லை. லாரிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பலகையைப் பார்ப்பேன். தூசியும் நானே துடைக்கிறேன். "வூட்ல ஒரு துரும்ப நவுத்த மாட்டாரு, இதுக்கு மட்டும் துணி எட்துகினு வந்துடுவாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம் சிலையின் காலடியில் வெள்ளைத் தூள் கிடந்தது. கழுத்தில் முடி அளவு விரிசல். அவள் அடுப்பங்கரையில் இருந்தாள். தூளை ஊதிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தபோது பலகை சுத்தமாக இருந்தது. சிலைக்குப் பின்னால், சுவருக்கும் கழுத்துக்கும் நடுவே, அவளுடைய பழைய புடவைத் துணி மடித்துச் செருகப்பட்டிருந்தது.

சோறு போட்டாள். வெளியே லாரி போனபோது இருவருமே நிமிர்ந்து பலகையைப் பார்த்தோம்.