பூஜை போட்ட பிளேடு

திருவொற்றியூரில் எண்ணூர் ரோட்டை ஒட்டி ஒரு காண்டிராக்டரின் யார்டு இருந்தது. அறுபதுகளின் கடைசியில் அங்கே டிராக்டருக்குச் சாமான் பூட்டுவதும் கழற்றுவதும் என் வேலை. துறைமுகத்துக்குக் கரி அள்ளப் போனால் முன்னால் பக்கெட். யார்டில் மேடு பள்ளம் நிரவ வேண்டுமென்றால் பின்னால் பிளேடு, நல்ல கனமான வளைந்த தகடு.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எதையும் எழுதி வைத்துப் பழக்கமில்லை. அதனால் வாய்க்குள் சொல்லிக்கொண்டே கழற்றுவேன். தரையில் இறக்கு, இன்ஜினை அணை, லீவரை ஆட்டி எண்ணெயின் அழுத்தத்தை விடு, இணைப்புப் பின்னை உருவு, உருவிய பின்னை அதே ஓட்டையில் செருகு, கட்டைமேல் படுக்க வை. சொல்லி முடித்ததும் சொன்னேனா, செய்தேனா என்று சந்தேகம் வந்துவிடும். பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பார்த்த நாள்கள் உண்டு. யார்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தச் சொன்னார். கும்பிடுகிற சாமானைத் தரையில் போடுவதா என்று கேட்டார். பிளேடைக் கூர்விளிம்பில் நிறுத்தி, அதன் இரும்புச் சட்டத்தை மேலே தூக்கி, பின்பக்கம் ஒரு ரயில் கட்டையை முட்டுக் கொடுத்தோம். சட்டத்தின் தலையில் மாலை, தகட்டில் சந்தனம், குங்குமம். பார்க்க ஆள் நிற்பதுபோல் இருந்தது. பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்துவிட்டு முதலாளி கிளம்பினார். மறுநாள் காலை மறுபூஜை போடும் வரை ஒரு ஸ்பேனரைக்கூட யாரும் தொடக் கூடாது. அது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம்.

முந்தின நாள் நல்ல மழை. யார்டில் கொட்டியிருந்த சாம்பல் மண் ஊறிக் கிடந்தது. பொரியைத் தின்றுகொண்டே பார்த்தேன். பிளேடின் ஒரு முனை காலையில் இருந்ததைவிடக் கீழே இறங்கியிருப்பதுபோல் தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மறுபடி பார்த்தால் தெரிந்தது.

அதோடு போயிருந்தால் என் வழக்கமான பயம் என்று விட்டிருப்பேன். ஆனால் வாட்ச்மேனின் மனைவி பழைய புடவை ஒன்றை அந்தச் சட்டத்தில் ஒரு முனையும் வேலியில் ஒரு முனையுமாகக் கட்டி, அந்த நிழலில் கைக்குழந்தையைச் சாக்கின்மேல் தூங்கப் போட்டிருந்தாள். குழந்தையை வேறு இடத்தில் போடு என்று போய்ச் சொன்னேன். அவர்கள் இருந்த தகரக் கொட்டகை அடுப்பாகக் கொதிக்கிறது என்றாள்.

"இவ்ளோ மால போட்டுக் கும்பிட்டுகீறீங்க. அதுவா வுழப் போவுது? நீ போய்ப் பொரி துன்னுண்ணே."

நாங்கள் கும்பிட்டோம் என்பதற்காகவே அவள் அதை நம்பினாள். இரும்புக்கு என்ன தெரியும் என்று நான் எப்படிச் சொல்வது? நானும்தானே கும்பிட்டேன்.

கட்டையைத் தட்டி இறுக்கலாம் என்றால் சுத்தியல் பூஜையில் இருந்தது. பிளேடைப் படுக்க வைக்கலாம் என்றால் டிராக்டருக்கும் சங்கிலிக்கும் பொட்டு வைத்தாயிற்று. வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் பிட்டர் பாயிடம் போனேன். அவர் தொட்டால் குற்றமில்லையே என்று ஒரு யோசனை. அவர் சிரித்துவிட்டுத் தன் ஸ்பேனர் பெட்டியைக் காட்டினார். அதற்கும் சந்தனம் வைத்திருந்தது. மற்ற நாளில் எது வேண்டுமானாலும் செய்வதாகவும், இன்றைக்கு உங்கள் சாமியிடம் வம்பு வேண்டாம் என்றும் சொன்னார்.

டிரைவர் ராயபுரத்துக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலில் பூசை பார்க்கிற கிறிஸ்துவர். ஆயுத பூஜையில் எங்கள் எல்லோரையும்விடக் கறார் அவர்தான். வண்டியை எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடி. நான் பிளேடைக் காட்டி, இறங்கியிருக்கிறதா இல்லையா, நீயே சொல் என்றேன்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "எறங்கின மாரியும் கீது, இல்லாத மாரியும் கீது. உன்னாண்ட பேசிப் பேசி என் கண்ணும் கெட்டுப்போச்சு நைனா."

அப்போது குழந்தை தூக்கத்தில் புரண்டு புடவையின் தொங்கலைப் பிடித்து இழுத்தது. மாலை ஆடியது. காற்றிலும் ஆடியிருக்கலாம். டிரைவர் பொரியைக் கீழே வைத்தார். காலையில் மிச்சமிருந்த கற்பூரத்தை எடுத்து டிராக்டருக்கு முன்னால் கொளுத்தினார்.

"நாளைக்குப் போட வேண்டிய மறுபூஜய இப்பவே போட்டாச்சு. இன்னா பாய், சரிதானே?"

பாய் சரி என்று தலையாட்டினார். கற்பூரத்தைப் பார்த்ததும் வாட்ச்மேனின் மனைவி தானாகவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். நான் சொன்னபோது நகராதவள். புடவையை அவிழ்த்தேன். சட்டத்தில் சங்கிலி போட்டு டிராக்டரோடு இழுத்துப் பிடித்துக்கொண்டோம். நடுவில் யாரும் நிற்காதீர்கள் என்று எத்தனை தடவை கத்தினேனோ. முட்டுக் கட்டையை எடுத்ததும் டிரைவர் அங்குலம் அங்குலமாகப் பின்னால் விட்டார். பிளேடு கீழே போட்டு வைத்திருந்த இரண்டு ரயில் கட்டைகளின்மேல் சத்தமில்லாமல் படுத்தது.

கட்டையை எடுத்தது பாய். அது ஆடின பல் மாதிரி கையோடு வந்ததாகச் சொன்னார். நான் பார்க்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்த மாதிரி இருந்தது. என் மனசு நோகக் கூடாதென்று அப்படிச் சொன்னாரா, தெரியவில்லை. விளிம்பு நின்ற இடத்தில் பள்ளம் இருந்தது. நிறுத்தும்போதே விழுந்த பள்ளமா, பிறகு இறங்கியதா, அதுவும் தெரியவில்லை. குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் முதலாளி வந்தார். படுத்திருந்த பிளேடைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். டிரைவர் மேலே காக்காயைப் பார்த்தார். முதலாளி புது மாலையை என் கையில் கொடுத்துப் போடச் சொன்னார். நிற்கிற சாமானுக்குத் தலை தெரியும். படுத்திருப்பதற்கு எந்தப் பக்கம் தலை என்று புரியாமல் மாலையோடு பிளேடை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.