சுகந்தி கொடுத்த கடவுச்சொல்

ஊர்காவற்றுறையில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குப் பொதுச்சொத்தாக இரண்டு இருந்தன: ஒரு நல்லதண்ணீர்க் கிணறு, மேரிசுகந்தியின் போன். வெளிநாட்டுப் பிள்ளைகளுடன் பேச வேண்டியவர்கள் அவள் வீட்டுக்குத்தான் போவார்கள். "இந்தாங்கோ, ஆறுதலாக் கதையுங்கோ" என்று தன் பேஸ்புக் கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, நண்டு பதனிடும் கம்பனியில் சதை பிரித்துத்தான் சுகந்தி தன் பிள்ளைகளைப் படிப்பித்தாள். பக்கத்தில் நின்று வேலை செய்தவள் நிஷாந்தினி. புருஷனின் அடி தாங்காமல் போன மாசியில் வீட்டையும் வேலையையும் விட்டு ஓடினாள். அவளுடைய போனை அவன் முன்பே உடைத்திருந்தான். அதனால் ஓடுவதற்கு முதல்நாள், இறுப்பிட்டியில் யார் வீட்டில் இருக்கப்போகிறாள் என்பதைப் பிரான்சிலுள்ள அக்காவுக்குச் சுகந்தியின் கணக்கிலிருந்துதான் எழுதினாள். இங்கே அது சுகந்தியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பங்குனியில், கம்பனியின் கழிவுநீர் கடலுக்குள் போவதை யாரோ படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். மேலாளர் வாகீசன் வேலையாட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேஸ்புக் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வர வேண்டாம். மேனுகா மட்டும் "அது என்ரை சொந்த விசயம், ஏலாது" என்றாள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள்.

சுகந்தி சொல்லிவிட்டாள். "எனக்கு ஒளிக்க என்ன கிடக்கு அண்ணை?" என்றாளாம். அவளுக்கு ஒளிக்க ஒன்றும் இல்லைதான். ஆனால் ஒழுங்கையிலுள்ளவர்கள் எழுதியதெல்லாம் அதற்குள் கிடந்தது, நிஷாந்தினி எழுதியதும்.

வாகீசன் நிஷாந்தினியின் புருஷனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அது சுகந்திக்கும் தெரியும். படம் போட்ட ஆளைத்தானே தேடுகிறார் என்று இருந்துவிட்டாள். அந்தக் கிழமையே புருஷன் இறுப்பிட்டிக்குப் போய்க் கதவை உடைத்தான். நிஷாந்தினியின் தாடை முறிந்தது, ஒரு கண் போயிற்று.

புருஷனைப் பொலிஸ் பிடித்தது. வாகீசனை ஒருவரும் தொடவில்லை. அவர்மேல் முறையிடச் சுகந்தியை யாழ்ப்பாணத்துக்கு, தொழில் அலுவலகத்துக்கு, நான்தான் கூட்டிப்போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர்.

"வேலை தாறவை இப்பிடிக் கேக்கக்கூடாது எண்டு நேராச் சொல்லுற சட்டம் எங்களிட்டை இல்லை அக்கா. நீங்களாத்தானே குடுத்தனீங்கள்?"

"ஓம். கேட்டவர், குடுத்தனான்" என்றாள் சுகந்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. "வேலையைப் பறிப்பன் எண்டு வெருட்டி வாங்கினது, தானாக் குடுத்ததோ?" என்று கத்தினேன்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிஷாந்தினியின் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவளால் பேச முடியாது. சுகந்தி அழுதுகொண்டு நெடுநேரம் நின்றாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. போனை எடுத்து, வழக்கம்போலத் தன் கணக்கைத் திறந்து நீட்டினாள்.

"அக்காவுக்கு ஏதும் எழுதப்போறீரோ? இந்தாரும்."

நிஷாந்தினி மற்றக் கண்ணால் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.