பூஜைக்கு நிறுத்திய சர்வர்

சர்வரைப் பார்த்துக்கொள்கிறவனுக்குப் பண்டிகையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. யாரிடமாவது சொன்னால், "உக்காந்த இடத்துல பாக்குத வேலதான வே" என்பார்கள். பதில் சொல்லிச் சலித்துவிட்டது.

பாளையங்கோட்டையில், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் மையம். அதன் சர்வரை டவுணில் என் வீட்டிலிருந்தே பிரவுசரில் கவனித்துக்கொள்வேன். ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனி கண்டெய்னரில் ஓடும். தனித்தனி டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் இருந்தவர், பிள்ளைகளின் குரல் பதிவுகளையும் அந்த டப்பாவுக்குள்ளேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். டப்பா போனால் பதிவும் போகும். வெளியே எடுத்து வைக்க ஒரு டிஸ்க் வாங்கித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். "பைய பாப்பம்" என்பார் நிர்வாகி.

ஏதாவது நின்றுபோனால் திரும்ப ஓடவிட, அங்கே டீச்சர் அக்காவுக்கும் கடவுச்சொல் கொடுத்திருந்தோம். ஆயுதபூஜைக்காக அவர் மேசை, நாற்காலி, ஹெட்போன் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்திருக்கிறார். பூஜையன்று கருவி எதுவும் ஓடக் கூடாதே என்று கண்டெய்னர்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தியிருக்கிறார். பக்கத்திலேயே, பயன்படாதவற்றை நீக்கும் பொத்தான். சுத்தம் செய்கிற நாள்தானே என்று அதையும் அமுக்கிவிட்டார். நின்றுகிடப்பதெல்லாம் அந்தப் பொத்தானுக்குப் பயன்படாததுதான்.

"தூசி தட்டுத மாதிரின்னு நெனச்சிட்டேன் தம்பி" என்று போனில் அழுதார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மென்பொருளை உடனே மறுபடி நிறுவிவிட்டேன். குரல்கள்தான் வரவில்லை. விடுமுறை முடிந்ததும் நேரில் போய் முட்டி மோதிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு தாய் மகளோடு வந்தாள். பிள்ளையின் காதுக் கருவி பழுதாகிப் பல மாதமாகிறது. அதோடு பேச்சும் நின்றுவிட்டது.

"இவளோட பழைய பதிவப் போடுங்க சார், இந்தப் போன்ல ஏத்திக்கிடுதேன். இவ பேசவே இல்ல, வெறுஞ்சத்தந்தான் போட்டாள்னு சொல்லுதாவ இவ அப்பா. காதால கேட்டாத்தான் புது மிஷினுக்குச் சம்மதிப்பாவ."

பதிவு அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. அழிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

டீச்சர் அக்கா ஓடி வந்தார். "நான் கேட்டிருக்கேம்மா. அம்மான்னு தெளிவாச் சொன்னா. நானே ஒங்க வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."

"நான் சொல்லியே நம்பல டீச்சர்" என்றாள் அவள்.

பிறகு மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, போனை அதன் வாயருகே பிடித்தாள். "அம்மா சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லும்மா."

பிள்ளை தாயின் வாயையே பார்த்தது. பிள்ளையின் உதடுகள் சரியாக மூடின, சரியாகத் திறந்தன. சத்தம் வரவில்லை.