முதலாளியின் ஒன்றாம் நம்பர்

என் தங்கை நதியா, புதுச் சட்டை எடுத்தால்கூட உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள் நான். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் சாத்தான்குளத்திலிருந்து நாங்கள் திருப்பூருக்கு வந்தபோதே அவள் அப்படித்தான் இருந்தாள். நான் எட்டாவதோடு நின்றேன். அவள் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தாள்.

2008இல் திருப்பூர் ராயபுரத்தில் மாதவன் என்பவரின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் சேர்ந்தாள். பில் அடிக்கும் வேலை. ரிப்பேருக்கு வெளியே போவதெல்லாம் பையன்கள்தான். "பொம்பளப் புள்ளைய ஊடு ஊடா அனுப்புனா கஸ்டமர் என்னம்மா நெனைப்பாங்க?" என்பார் மாதவன். இவள் விடாமல் கேட்கவே, பையன்கள் பலமுறை போய்த் தோற்ற ஒரு வீட்டைக் கொடுத்தார்.

"இதைச் சரி பண்ணிட்டீன்னா இனி வெளிவேலை உனக்கும் உண்டு. இல்லீன்னா இந்தப் பேச்சை விட்டுரோணும்."

அது ஆத்தப்பன் என்ற பனியன் கம்பெனி முதலாளியின் வீடு. வயர் இல்லாமல் வீடு முழுக்க வரும் இணையம் திடீர் திடீரென்று நின்றுவிடும், பிறகு தானாக வரும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணைக்கு நானும் போனேன்.

"வாங்க அம்மிணி, உக்காருங்க" என்றார் ஆத்தப்பன். "நெட்டுப் பொட்டிய மாத்துனாங்க, மறுக்காவும் மாத்துனாங்க. இனி ஊட்டைத்தான் மாத்தோணும்."

சொல்லிக்கொண்டே மடியிலிருந்த லேப்டாப்பை மூடி வைத்தார். வீட்டுக்கு ஆள் வந்தால் கையிலிருக்கும் வேலையை ஒதுக்கிவைப்பது அவர் வழக்கம். அவர் மனைவி வேலாத்தாள் காபி கொண்டுவந்தார்.

நதியா பெட்டியைப் பார்த்தாள். மகள் ஜனனியின் அறையிலிருந்த கம்ப்யூட்டரையும் பார்த்தாள். எல்லாம் நன்றாக ஓடியது.

"இதேதாங்க்கா" என்றாள் ஜனனி. "ஆள் வந்தா ஒழுங்கா வருது. கெளம்புன ஒடனே போயிருது."

நான் மெல்ல, "ஏட்டி, கோளாறே இல்லன்னு போய்ச் சொன்னா உங்க மொதலாளி சிரிப்பாரு" என்றேன்.

"நீ பேசாம காபியக் குடி, அக்கா."

பிறகு ஜனனியிடம் கேட்டாள். "ஆள் இல்லாதப்ப இங்க யார் யார் என்ன செய்வீங்க?"

"நான் படிப்பேன். அம்மா டிவி பாப்பாங்க. அப்பா லேப்டாப்புல கணக்குப் பாப்பாரு."

நதியா ஆத்தப்பனைப் பார்த்தாள். "சார், நாங்க இல்லன்னு நெனச்சு உங்க வேலையப் பாருங்க."

"அதெப்படிங்க, வந்தவங்கள உக்கார வெச்சுப்போட்டு..."

"பரவாயில்ல சார், பாருங்க."

அவர் கூச்சத்தோடு லேப்டாப்பைத் திறந்தார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஜனனி கத்தினாள். "போச்சு!"

"ஏனுங்க, ஊர்ல எல்லார் மேலயும் குத்தம் சொல்லிப்போட்டு, கடைசில நீங்கதானா?" என்று வேலாத்தாள் சிரித்தார்.

ஆத்தப்பன் முகம் சுருங்கியது. "கம்பெனில இது ஜம்முனு ஓடுதுங்க."

நதியா லேப்டாப்பை வாங்கிப் பார்த்தாள். "சார், நெட்டுல சேர்ற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. இதுக்கு யாரோ ஒண்ணாம் நம்பர் போட்டு வெச்சிருக்காங்க."

"நாந்தானுங்க கேட்டு வாங்குனேன். கார் நம்பரும் ஒண்ணு, செல்போன் நம்பர்லயும் கடைசி ஒண்ணு. இதுவும் அப்படியே இருக்கட்டும்னு."

"கட்டிங்ல வெட்டுன துணி பண்டல் ரெண்டுக்கு ஒரே நம்பர் ஒட்டினா என்ன ஆகும் சார்?"

"கையொரு கலரு, ஒடம்பொரு கலருன்னு தெச்சுப் போடுவாங்க. தையல் லைனே நின்னுரும்."

"இங்கயும் அதான். நெட் பெட்டிக்கும் ஒண்ணுதான் நம்பர். ஜனனி கம்ப்யூட்டர் பெட்டியத் தேடிக்கிட்டு உங்க லேப்டாப் வாசல்ல வந்து நிக்குது."

"அப்ப என்ற நம்பரைப் புடுங்கிருவீங்களா?" குரலே மாறிவிட்டது. இவர் மனம் கோணி மாதவனுக்கு ஒரு போன் போட்டால், நதியா திரும்பவும் பில் மேசைக்குத்தான்.

நதியா லேப்டாப்பை இன்னொரு முறை பார்த்தாள். "வேண்டாம் சார். உங்க கம்பெனில பெட்டிக்கு வேற நம்பர்னு இந்த லேப்டாப்புலயே பதிஞ்சிருக்கு. இங்க இருக்கற பெட்டிக்கும் அதையே போட்டுடறேன். ஒண்ணு உங்ககிட்டயே இருக்கட்டும்."

மாற்றினாள். அத்தோடு கிளம்பவில்லை. அவரை லேப்டாப்பை மூடச் சொன்னாள், திறக்கச் சொன்னாள், மறுபடி மூடி மறுபடி திறக்கச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து ஜனனி, "இருக்குதுங்க்கா!" என்று குரல் கொடுத்தாள். எங்கள் கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கே இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

"அட, என்ற லேப்டாப்புலயும் நெட்டு வருது!" என்றார் ஆத்தப்பன். "ஊட்டுல இதுல வராதுன்னே விட்டுட்டனுங்க." அங்கேயே மாதவனுக்குப் போன் போட்டார். "கண்டுபுடிச்சாச்சுங்க. நாளைக்கு முதலிபாளையத்துல இருக்கற நம்ம கம்பெனிக்கும் ஆள் வேணும். இந்த அம்மிணியவே அனுப்பி வையுங்க."

திரும்பும் வழியில் நதியா, "நாளைக்கு நீ வரண்டாங்க்கா. ஒனக்கு ஷிப்மெண்ட் இருக்குல்லா" என்றாள்.

அந்த வாரத்திலிருந்து மாதவன் கடையில் பில் அடிக்க ஒரு பையன் உட்கார்ந்தான்.