துண்டுக்குள் இருந்த கட்டைவிரல்

சேர்ந்த நாள்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் என்னை ரகசியப் போலீசுக்கு மாற்றினார்கள். திறமையைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று கொஞ்ச நாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். எனக்குக் கன்னடம் தெரியும், அவ்வளவுதான் காரணம். தொப்பூர்க் கணவாயில் பார வண்டிகளை மடக்கும் கொள்ளைக் கூட்டம் மைசூர் எல்லை வரைக்கும் ஆள் வைத்திருந்தது.

முதல் நாளே இன்ஸ்பெக்டர் என் காலைப் பார்த்தார்.

"துணிய மாத்திட்ட, பூட்ஸ மாத்தலயேப்பா. நீ வர்றதுக்கு முன்னாடி அது போய்ச் சேதி சொல்லிரும்."

அன்றே தருமபுரி பக்கம் ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். லாக்கப்பில் மாரியப்பன் என்கிற வண்டிக்காரர் இருந்தார். கணவாயில் அவருடைய எருதுகளையும் ராகி மூட்டைகளையும் கூட்டம் பறித்துக்கொண்டது. ஆனால் அவர்மேலேயே கேஸ் எழுதத் தயாராக இருந்தார் ஸ்டேஷன் எஸ்.ஐ.

"ஒரு கீறல் இல்லாம இவன் மட்டும் எப்பிடி சார் வந்தான்? கூட்டாளிதான். ரெண்டு போட்டா ஒத்துக்குவான்."

இன்ஸ்பெக்டர் மாரியப்பனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். "என்ன நடந்துச்சு, நீ சொல்லுப்பா."

"எம் மாட்ட நானே குடுப்பனாங்க சாமி? ஒருத்தன் என் வாயப் பொத்துனானுங்க. கட்டவெரல நறுக்குன்னு கடிச்சுட்டு ஓடியாந்துட்டனுங்க. வூட்ல பொண்டாட்டி நெறமாசமுங்க."

"கடிச்சதுக்குச் சாட்சி யாருடா, உம் பல்லா?" என்றார் எஸ்.ஐ. நானும் சிரித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"இவர்மேல கை வைக்காதீங்க. மாட்டுச் சந்தை முடியட்டும்" என்று எழுந்தார்.

சந்தை நாள்

விரலில் காயம் பட்டவனை எங்கே போய்த் தேடுவது? காட்டுவேலை செய்கிற ஊரில் யார் கையில்தான் காயம் இல்லை? ஆனால் திருடிய மாடு விலைக்கு வந்தாக வேண்டும். தீர்த்தமலைக்குப் போகிற வழியில் கூடும் சந்தைக்கு வரும் என்று இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டார்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். காயம்பட்ட கையை மறைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் அங்கே கையைக் கொடுக்காமல் வியாபாரமும் கிடையாது.

அழுக்கு வேட்டியோடு இன்ஸ்பெக்டர் காலையிலிருந்து ஒவ்வொரு தரகராகப் பேரம் பேசினார். ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கவில்லை.

"வாங்கற மூஞ்சியா இது? ஊர்க் கையெல்லாம் புடிச்சுப் பாத்துட்டுத் திரியறாரு" என்று தரகர்கள் ஏசினார்கள். எனக்கு மானம் போயிற்று. அவர் அசரவில்லை.

வெயில் ஏறியபோது ஒரு ஜோடி எருதுகளோடு ஒருவன் நின்றிருந்தான். அடையாளம் தெரியாமலிருக்க எருதுகளின் கொம்பைப் புதிதாகச் சீவியிருந்தார்கள்.

"வாங்கண்ணா, ரெண்டும் தங்கமான மாடுங்க" என்று கூப்பிட்டான்.

இரண்டு பேர் கையின்மேலும் துண்டு விழுந்தது. எனக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரிந்தன. இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ஏதோ அழுத்தினார். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அய்யோ, மெதுவாங்க!"

"வெரல்ல என்ன தரகரே?"

"அருவா பட்டுருச்சுங்க."

இன்ஸ்பெக்டர் துண்டை உருவினார். கட்டைவிரலின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பல் தடம்.

"உங்க ஊர் அருவாளுக்குப் பல்லு மொளைக்குமா?" என்றார்.

அவன் திமிறினான். அந்த விரலை அவர் விட்டால்தானே ஓடுவதற்கு! அவன் ஒருவனைப் பிடித்து இழுத்ததில் எல்லை வரைக்கும் இருந்த கூட்டம் மொத்தமும் வந்தது. எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்தேன். அவரைப்போல ஒருவரை நான் பார்க்கவில்லை.

ஸ்டேஷன் வாசலில் தன் எருதுகளைக் கண்டதும் மாரியப்பன் அவர் காலில் விழப் போனார். இன்ஸ்பெக்டர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். துண்டு இல்லாமல், எல்லோரும் பார்க்க.

"நீ சொன்னது நெசம்ப்பா. அத வெச்சுத்தான் புடிச்சேன். போ, வூட்ல காத்துட்டிருப்பாங்க."

மாரியப்பன் ஓவென்று அழுதார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிடிபட்டவன் பேச்சைப் பொய் என்று தள்ளுவதற்கு முன்னால், நிஜமென்று வைத்துக்கொண்டு ஒரு முறை தேடிப் பாருங்கள். லத்தியை எடுத்திருந்தால் அந்தக் கேஸ் அன்றைக்கே முடிந்திருக்கும். மாரியப்பன் ஜெயிலில் இருந்திருப்பார், கட்டைவிரல்காரன் கணவாயில் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பான்.