சீர் பீரோவும் பூகம்பமும்

மராட்டியப் பக்கம் பூகம்பம் வந்து வீடுகள் சரிந்ததை டிவியில் பார்த்த வருஷம் அது. மறுநாளே நூலகத்துக்குப் போய், பூகம்ப வரைபடத்தில் ராஜபாளையத்தைத் தேடினேன். ஆபத்து குறைந்த பகுதி என்று போட்டிருந்தது. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லையே. பரணில் தலைக்கு மேலே இருந்த முப்பத்தொரு பாத்திரங்களையும் இறக்கித் தரையில் வைத்தேன். அவற்றில் இரண்டு தடவை தடுக்கி விழுந்த என் மனைவி, இந்த வீட்டில் பூகம்பத்தால் விழுந்தவள் தான் ஒருத்திதான் என்று தெருவெல்லாம் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தம் கூடிவந்தது. முன்னால் நாலு இடம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனை மகளுக்கும் பிடித்திருந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். கூட வந்தவர்கள் கிணற்றையும் மாட்டையும் பார்த்தார்கள். நான் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். நாங்கள் சீராகக் கொடுக்கும் பீரோவைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்துவதாகச் சொன்னார்கள். பீரோ ஆறரை அடி. சாய்ந்தால் மகளின் கழுத்து வரை வரும்.

நாலு போல்ட் போட்டு அதைச் சுவரோடு முடுக்கிவிடுகிறேன் என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். "நாங்க என்ன, பீரோவ வித்துத் தின்னுருவோம்னு நெனைக்கியளா அண்ணே?"

பூகம்பத்தை விளக்கினேன். விளக்க விளக்க, அவர்கள் வீட்டுச் சுவரை நான் குறை சொல்வதாகப் பேச்சு திரும்பியது. காப்பி வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் மனைவி மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

மகள் ஒன்றுதான் சொன்னாள். "பூகம்பம் வந்தா ஓடிக்கிடுதேன்ப்பா. இந்த இடம் போச்சுன்னா நான் எங்க ஓட?"

மறுநாள் முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா பட்டாளத்தில் இருந்து வந்தவர். போல்ட் வேண்டாம், பீரோவைப் படுக்க வைத்துவிடலாம், கிடக்கிற பீரோ விழாது என்றேன். கொஞ்சம் யோசித்தார். பட்டாளத்தில் பெட்டியெல்லாம் அப்படித்தான் கிடக்கும் என்றார். பிறகு உள்ளே பார்த்துக் காப்பி போடச் சொன்னார்.

கல்யாணம் நடந்தது. பீரோ இன்றைக்கும் மல்லாந்துதான் கிடக்கிறது. ஒரு கதவின் மேல் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து காய் நறுக்குகிறார். அவர் எழுந்தால்தான் மகள் சேலை எடுக்க முடியும். இன்னொரு கதவின் கண்ணாடியில் அறையின் கூரை முழுக்கத் தெரியும். போகும்போதெல்லாம் அந்தக் கூரையில் விரிசல் தேடுவேன்.

போன தடவை ஒன்று தெரிந்தது. காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.